பற்றிக்கொள்ளும் புரதம்

பிறந்து சில நாட்களேயான பன்றிக்குட்டிகள் வயிற்றோட்டங் கண்டு, உடல்நீர் வற்றி மடிவதைப் பன்றி வளர்ப்போர் நன்கறிவர். இதனை விளைக்கும் ஈ. கோலி என்னும் பற்றீரியா எத்துணை நஞ்சு சுரப்பினும், குடலில் நிலைகொள்ளாவிடில் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆதலின் குடற்சுவரைப் பற்றுதற்கு, கே-88 என்னும் புரதத்தாலான நுண்ணிழைகளைத் தன் மேனியிற் கொண்டுள்ளது. அவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் முதன்மை நிறவுருவில் இல்லை. பிளாசுமிட்டு என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் உள்ளன. 1971இல் இங்கிலாந்தில் சிமித், லின்கூட் இருவரும் அவ்வளையத்தை நீக்கியபோது பற்றீரியா நோய் விளைக்கும் வன்மையை இழந்தது. மீண்டும் புகுத்தியபோது பெற்றது.

சில பன்றிகளின் குடற்சுவரிலோ அவ்விழை பற்றுதற்குரிய ஏற்பியே இல்லை. ஏற்பியுடைமை ஆட்சியான இயல்பாக, மெண்டலின் விதிப்படி வருவதென 1975இல் கொம்ப்டன் ஆய்வாளர் காட்டினர். அங்ஙனமாயின் ஏற்பியற்ற பன்றிகளையே தெரிந்து பெருக்கலாமே என்பீர்கள். இடர் அங்கேதான் உள்ளது. ஏற்பியற்ற தாயின் குடலில் அக்கிருமி தங்காமையால், அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் அதன் பாலிற் போதியளவு சுரப்பதில்லை. தந்தைவழி ஏற்பியைப் பெற்ற குட்டிகளோ காப்பின்றி நிற்கும். தாயின் நலமே சேய்க்குக் கேடாவதை நான் பெருவியப்பாகக் கருதுகிறேன். ஆகவே ஆண்பன்றியும் ஏற்பியற்றதாதல் வேண்டும். அஃது இயலாதவிடத்துச் சினைப்பன்றிக்கு அப்புரதத்தையே ஊசிமூலம் ஏற்றிப் பாலிற் பிறபொருளெதிரியை வருவிக்கலாம். 1973இலேயே ரட்டரும் யோன்சும் இவ்வழியைக் காட்டியிருந்தனர்.