மண்ணுக்குள் இருப்பதை அறிவோம்

கம்போங் மேடானுக்குப் பக்கத்திலே சன்வேயில் இன்று நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடம் ஈயலம்பம். கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்தால்தான். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 பேர் அம்பாங்கில் ஈயம் தோண்டப் போனார்கள்.

இந்த ஈயம் எங்கிருந்து வந்தது? நமது மலைத்தொடரின் கருங்கல் பாறையோடு உண்டானது. மழையில் பாறை இற்றுப்போக, ஆறு அதைப் பள்ளத்தாக்கிற்கு அடித்து வந்தது. ஈயத் தாது தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா? தாதும் அப்படித்தான் தங்கியது. டூலாங் தட்டேந்திய பெண்கள் இந்த உண்மையை வைத்தே பிழைத்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை 1956-இல் தொடங்கியது. அதன் ஆய்வாளர்களுக்கு லம்பம் ஒரு திறந்த புத்தகம். மேல்மண்ணை வாரியபின் அடிப்பாறை கண்ணுக்குத் தெரியும். அங்கே கல்லெடுத்து, காகிதத்தினும் மெல்லியதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சுரங்கம் ஆய்வுக்கு இடம் தந்தது. அடுத்து எங்கே துளையிடலாம் என்பதற்கு ஆய்வு வழிகாட்டியது. இருதரப்பிற்கும் நன்மை.

ஆனால் ஈயம் தனியாக வருவதில்லை. அதைப் பிரித்தபின் மிஞ்சும் கனத்த மணலை ஆமாங் என்பார்கள். அதிலுள்ள மோனசைட்டில் விலைமதிப்புள்ள அருமண் தனிமங்களும் உண்டு. கதிர்வீசும் தோரியமும் உண்டு. பேராக், புக்கிட் மேராவில் 1982-இல் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஊர்மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. ஆயினும் ஆலை 1994-இல் மூடப்பட்டது.

மண்ணில் பணம் இருக்கிறது என்று சொல்லும் அறிவே, ஆபத்து இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முதலாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. அந்த மண்ணில் குடியிருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும். கேட்பது நமது உரிமை.

1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின; குட்டைகள் மட்டும் மிஞ்சின. கரை சரியும், ஆழம் தெரியாது. பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள், தாய்மார்களே. பழைய லம்ப நிலத்தில் வீடு வாங்குமுன், அடியில் இளஞ்சேறா, பொந்து விழுந்த சுண்ணாம்புக்கல்லா என்று விசாரியுங்கள். நிலவியல் வரைபடங்கள் அரசாங்கத்தின் கனிம, புவி அறிவியல் இலாகாவில் உண்டு. அந்த வரைபடத்தை நாளை வரைபவர், இன்று தோட்டப் பள்ளியில் அறிவியல் படிக்கும் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.