விண்வெளி சென்றோரும் நம் பிள்ளைகளும்



வெள்ளி விழா மேடையில் விண்வெளியைப் பற்றிப் பேசப் புகுந்தால், தேவர்சோலைத் தேயிலைத் தோட்டத்திற்கும் விண்ணுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு உண்டு, சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

1961 ஏப்ரல் 12-இல் மனித குலத்திலேயே முதல்வராக விண்வெளி சென்று, 108 நிமிடங்களில் மண்ணுக்கு மீண்ட யூரி ககாரின் ஒரு தச்சரின் மகன். தாயார் கூட்டுப் பண்ணையில் பால் கறந்தவர். அவர் முதலில் கற்றது வார்ப்படத் தொழில். 1963-இல் விண்ணேறிய முதற்பெண் வாலந்தினா தெரெஷ்கோவாவோ பஞ்சாலைத் தொழிலாளி. தொழிலாளர் குடும்பத்துப் பிறப்பைச் சோவியத் அரசு ஒரு தகுதியாகவே கருதிற்று. அதில் அரசியலும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ககாரின் வார்ப்படத்தோடு நின்றுவிடவில்லை. தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றுகொண்டே விமானப் பயிற்சிக் கழகத்தில் பறக்கக் கற்றார். தெரெஷ்கோவா ஆலை வேலைக்கிடையே அஞ்சல் வழியில் படித்தார்; பாரசூட்டில் குதிக்கவும் பழகினார்.

நம் நாட்டிலிருந்து முதலில் சென்றவர் விமானப் படையைச் சேர்ந்த ராகேஷ் சர்மா. 1984 ஏப்ரல் 3-இல் சோயுஸ் டி-11 கலத்தில் புறப்பட்டு, சல்யூத்-7 நிலையத்தில் தங்கி, ஏறத்தாழ எட்டு நாள்கள் விண்ணில் இருந்தார். கலமும் ராக்கெட்டும் சோவியத் நாட்டினுடையவை, நாம் விருந்தினர். சொந்தக் கலத்தில் மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டம் 2018-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தேர்வான நால்வரும் விமானப் படையினரே. அவர்கள் ரஷ்யாவில் பயின்ற நிலையம், வார்ப்படத் தொழில் கற்ற அந்த ககாரினின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நால்வரை மட்டும் நோக்கினால் வாயில் மிகக் குறுகியது. ஆனால் ஒரு கலம் நால்வரால் மட்டும் எழுவதன்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், கிரையோஜெனிக் எஞ்சின் மனிதப் பயணத்திற்கு ஏற்றதா என்றறிய, நான்கு எஞ்சின்களை 39 முறை இயக்கிச் சோதித்தனர். 6,350 வினாடிகள் போதும் என்று விதி இருக்க, 8,810 வினாடிகள் இயக்கினர். ஏறுவது மனித உயிரன்றோ! மகேந்திரகிரியில் பொறியாளர்கள் மட்டுமா பணிபுரிகின்றனர்? பட்டயம் பெற்றோரும், ஐ.டி.ஐ. முடித்த பிட்டர்களும் உளர். அப்பணிகளில் நம்மவர்க்கு இட ஒதுக்கீடும் உண்டு.

ஐ.டி.ஐ. வரையிலாவது செல்லக் கணிதம் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் கணிதத்திற்கு அஞ்சியே படிப்பை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்குகின்றனர். ஆகவே சங்க நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறோம். மாலை வகுப்பில் கணிதத்திற்கு வாரம் இரு நாள் போதாது, நான்கு நாள்களாக்குங்கள். பாடம் நடத்த நாமே வருகிறோம்.