எல்லா கப்புலயும் ஒரே டீ

இன்னிக்கு கோடிங் இல்ல, டீ. அதுவும் ஊலாங் டீ.

கிரீன் டீயில இலையை ஆக்சிஜனேற்றம் ஆக விடமாட்டாங்க. பிளாக் டீயில முழுசா விடுவாங்க. ஊலாங் ரெண்டுக்கும் நடுவுல. இலையை வெயில்ல வாட்டி, குலுக்கி, ஓரம் நசுங்க வெச்சு, சரியான நேரத்துல சூடு காட்டி நிறுத்தணும். எப்போ நிறுத்துறோம்ங்கறதுதான் வித்தை. சீனாவுல ஃபூஜியன், அப்புறம் தைவான், இதுக்குப் பேர்போன இடங்கள். நம்ம நீலகிரியிலயும் சில எஸ்டேட்கள்ல பண்றாங்க. குன்னூர்ல இருந்து ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன்.

முதல் தடவை சொதப்பல். எங்க ஊர் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை ரெண்டு இருக்கு. 2013-ல வந்தது நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024-ல வந்தது 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணி சென்னைக்குப் போகுது. எங்க வீட்டுல போர் தண்ணி, சரியான கடினநீர். அதுல போட்டா டீ மேல ஆடை மாதிரி ஒரு படலம். தண்ணியில இருக்கிற கால்சியமும் பைகார்பனேட்டும் டீயோட பாலிஃபீனால்களோட சேர்ந்து கட்டுற படலம் அது. அப்பா ஒரு வாய் குடிச்சிட்டு, “இதுக்காடா குன்னூர் வரைக்கும் போன?”ன்னார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கேன் தண்ணி வாங்கி, முறைப்படி இறங்கினேன். இந்த முறைக்குப் பேர் குங்ஃபூ சா. ஆமா, சண்டைப் படத்துல வர்ற அதே குங்ஃபூதான். பழகிப் பழகி வர்ற திறமைன்னு அர்த்தம். மூடி போட்ட சின்னக் கிண்ணம், கைவான்னு பேரு. 100 மில்லி தண்ணிக்கு 5 கிராம் இலை. கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணியை ஊத்தி, 20 நொடியில வடிச்சிடணும். அதே இலையில அஞ்சாறு தடவை போடலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம். முதல் கப்புல பூ வாசம், மூணாவதுல இனிப்பு, கடைசியில லேசான துவர்ப்பு.

இதுல எனக்குப் பிடிச்ச பொருள் ஒரு சாதாரண ஜக்கு. கைவான்ல இருந்து நேரா கப்புல ஊத்தினா முதல் கப்பு லைட்டா இருக்கும், கடைசி கப்பு ஸ்ட்ராங்கா ஆயிடும். அதனால எல்லாத்தையும் முதல்ல ஜக்குல ஊத்தி, அப்புறம் பிரிக்கணும். எல்லாருக்கும் ஒரே டீ. சீன மொழியில அந்த ஜக்குக்குப் பேரே ‘நியாயக் கோப்பை’.

அன்னிக்குத்தான் ஒண்ணு உறைச்சது. எங்க வீட்டுல டீ போடுறது அம்மா. எல்லாருக்கும் கொடுத்துட்டு, பாத்திரத்துல மிச்சம் இருக்கிறதை அடுப்படியில நின்னுக்கிட்டே குடிப்பாங்க. ஆறிப்போயிருக்கும், அரை டம்ளர்தான் இருக்கும். இருபத்தெட்டு வருஷமா அதைப் பாத்திருக்கேன், கவனிச்சதில்ல. குங்ஃபூ முறையில டீ போடுறவர் எல்லாரோடயும் உக்காந்துதான் போடணும், உக்காந்துதான் குடிக்கணும். அம்மாவைக் கூப்பிட்டேன். “நீங்க குடிங்கடா, நான் அப்புறம்”னாங்க. “அப்புறம் போட்டா வேற ருசி வந்துடும்மா, வாங்க”ன்னேன். வந்து உக்காந்தாங்க. மூணு கப்பு குடிச்சாங்க. “பால் ஊத்தினா நல்லாருக்கும்”னாங்க!

சரி, பாலே ஊத்திக்கலாம். இப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊலாங்கோ, பால் டீயோ, போடுறது நான். ஆனா ஜக்கு மாறல.

உங்க வீட்டுல கடைசி கப்பு யாருக்குப் போகுது? இன்னிக்குப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.