சிறு ஆய்வுகளும் அன்றாட மருத்துவமும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது ஆரியங்கோடு. நெய்யாறு பாயும் இப்பகுதியில் இரப்பரும் மரச்சீனியும் வாழ்வாதாரப் பயிர்கள். சற்றுத் தொலைவில் தமிழ்நாட்டின் குமரி மாவட்டம் தொடங்குகிறது. இத்தகைய சிற்றூர் ஒன்றின் அரசு சுகாதார நிலையத்திற்கு, வாயின் உட்புறத்தில் வெண்படலம் படர்ந்த நிலையில் ஒரு தொழிலாளி வருவதாகக் கொள்வோம். இருபது ஆண்டுகளாகப் புகையிலையுடன் வெற்றிலை போடுபவர் அவர். அந்தப் படலம் புற்றுநோயாக மாறக்கூடும், மாறாமலும் இருக்கக்கூடும். அவருக்கு என்ன செய்வது என்பதை மருத்துவர் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவுக்கு எது அடிப்படை? மருத்துவரின் கல்வியும் அனுபவமும் ஒருபுறம். எங்கோ, எப்போதோ, சில நூறு பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் மறுபுறம். மருத்துவத்தில் அன்றாட வழக்கமாகிவிட்ட பலவும் இத்தகைய சிறிய ஆய்வுகளிலிருந்து பிறந்தவையே. அவற்றுள் எதனை ஏற்பது, எதனைக் காத்திருந்து பார்ப்பது என்பது மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய வினா அன்று. பொதுப் பணத்தைக் கொண்டு மருந்து வாங்கும் நிர்வாகத்திற்கும், திட்டம் வகுக்கும் அலுவலர்க்கும் உரிய வினா அது.

சென்னை காட்டிய வழி

உலகின் நடைமுறையையே மாற்றிய சிறு ஆய்வுக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன.

அந்நாளில் காசநோய்க்குச் சானடோரிய வாசமே முறையான சிகிச்சை எனக் கருதப்பட்டது. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்பது நம்பிக்கை. ஆயின் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மருத்துவமனைப் படுக்கைகள் மிகச் சொற்பம். படுக்கை கிடைக்காதவர் என்ன ஆவது? ஐசோனியாசிட் போன்ற புதிய மருந்துகளை வீட்டிலிருந்தே உட்கொண்டால் போதுமா? இதுவே மையத்தின் முன் நின்ற கேள்வி.

193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றப் பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு காலம் அதே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தோர்க்கு உணவு குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் ஆண்டின் இறுதியில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் சளியில் கிருமி அற்ற நிலையை அடைந்தனர். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாரிடையே நோய் கூடுதலாகப் பரவியதாகவும் தெரியவில்லை. 1959இல் முடிவுகள் வெளியாயின. ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பிலும் இரு பிரிவினரின் நிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1962இல் உருப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. பின்னர் உலக நாடுகள் பலவும் இவ்வழியே சென்றன.

193 பேரைக் கொண்ட ஆய்வு இவ்வளவு பாரத்தைத் தாங்கியது எவ்வாறு? யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. எனவே எளிய நோயாளிகள் ஒரு பக்கம் குவிய இடமில்லை. அளவுகோலும் ஒருவரின் அபிப்பிராயம் அன்று, சளிப் பரிசோதனை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆய்வு எழுப்பிய கேள்வி நாட்டின் உண்மையான கேள்வி. 92க்கும் 86க்கும் இடையே உள்ள வேறுபாடு இல்லாததன்று. ஆனால் இந்த அளவு ஆய்வில் அது ஒரு சில நோயாளிகளைக் குறிக்கும் வேறுபாடே, தற்செயலாகவும் நேரக்கூடியது. மறுபுறம், படுக்கைக்காகக் காத்திருந்து சிகிச்சையே பெறாமல் மடியக்கூடிய இலட்சக்கணக்கானோர் இருந்தனர். இரண்டையும் சீர்தூக்கியே முடிவு எடுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சென்னை ஆய்வில் வீட்டுச் சிகிச்சை என்பது மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது அன்று. நோயாளிகள் முறையாக மருந்து பெற்றனர். பணியாளர் வீடு தேடிச் சென்றனர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பது சிறுநீர்ப் பரிசோதனையால் அறியப்பட்டது. நடைமுறையில் பல இடங்களில் 'வீடு' மட்டும் ஏற்கப்பட்டது; கண்காணிப்பு விடுபட்டது. இடையில் மருந்தை நிறுத்தியோர் பெருகினர். கண்முன் மருந்து கொடுக்கும் முறைக்கான ஆய்வுகளைச் சென்னை மையமே 1960களில் செய்திருந்தும், அது தேசியத் திட்டத்தில் இடம்பெற 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆய்வின் முடிவை ஏற்போர் அதன் நிபந்தனைகளையும் ஏற்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நெய்யூரிலிருந்து திருவனந்தபுரம் வரை

மீண்டும் ஆரியங்கோட்டுப் பகுதிக்கு வருவோம். 1956க்கு முன் இப்பகுதியும் குமரி மாவட்டத்து நெய்யூரும் ஒரே திருவிதாங்கூர் நிலப்பரப்பில் இருந்தவை. நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை பெயர் பெற்றது. அங்குப் பணியாற்றிய டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரிடையே காணும் வாய்ப் புற்றுநோயைக் குறித்த தம் ஆய்வை 1933இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கொண்டு செய்யப்பட்ட அவ்வாய்வு, ஐயத்தை எழுப்பியது, வழியைச் சுட்டியது. உறுதி செய்யும் பணி பிறரால் நடைபெற வேண்டியிருந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என 1985இலும், புகையிலை சேராத பாக்கு வெற்றிலையும் அவ்வாறே என 2003இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் வல்லுநர் குழுக்கள் தீர்மானித்தன. ஓர் ஊரின் ஐயம் உலகின் முடிவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

வெண்படலம் கொண்டவர்க்கு மருந்து உண்டா? கேரளத்தில் 160 பேரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. ஓராண்டு வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினர்க்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினர்க்கும் படலம் முற்றிலும் மறைந்தது. போலி மருந்து பெற்றோரில் இது 10 விழுக்காடே. இத்துடன் அறிக்கையை மூடிவிடும் அலுவலர், மாவட்டம் முழுவதற்கும் மாத்திரை வாங்கப் பரிந்துரைத்துவிடலாம். ஆனால் அறிக்கை மேலும் கூறுகிறது: மருந்தை நிறுத்திய பின், வைட்டமின் ஏ-யால் குணமானவர்களில் மூன்றில் இரு பங்கினர்க்கும், பீட்டா கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும் படலம் திரும்பியது. மேலும், படலம் மறைவது வேறு. புற்றுநோய் வராமல் தடுக்கப்படுவது வேறு. பின்னதைக் காண 160 பேரும் ஓராண்டும் போதா.

இதே காலத்தில் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வெளியாகியிருந்தது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ மாறாக, பெற்றோரிடையே அந்நோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. சிறு ஆய்வு நம்பிக்கை தந்த ஒரு பொருள், பெரும் ஆய்வில் வேறு உறுப்பில் தீங்கு காட்டக்கூடும் என்பதற்கு இது சான்று.

எண்ணிக்கை என்பது எது?

திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1996 முதல் நடத்திய ஆய்வு வேறு பாதையில் சென்றது. மருந்துக்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை. 13 ஊராட்சிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏழில் பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பங்கு கொண்டோர் ஏறத்தாழ 1,90,000 பேர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 21 விழுக்காடு. ஆனால் அந்த அளவைப் புள்ளியியல் முறையில் உறுதி எனக் கூற இயலவில்லை.

ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைக் கொண்ட ஆய்வு ஏன் உறுதி கூறவில்லை? சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டவை மனிதர் அல்லர், ஊராட்சிகள். அந்த வகையில் ஆய்வின் எண்ணிக்கை 13 மட்டுமே. பெரிதாகத் தோன்றும் ஆய்விலும் ஒரு சிறு ஆய்வு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் நலம். எனினும் ஆபத்து மிகுந்தோரிடம் கிடைத்த பயன் தெளிவானது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறையில், 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை இடம்பெற்றது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் ஆய்வறிக்கை மேசைக்கு வரும்போது சில எளிய கணக்குகள் துணை நிற்கும். இருபதில் பத்துப் பேர் பழைய மருந்திலும், இருபதில் பதினான்கு பேர் புதிய மருந்திலும் குணமடைந்தனர் எனில், 50க்கும் 70க்கும் உள்ள வேறுபாடு கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இரு மருந்துகளும் ஒரே தன்மையன எனினும் இத்தகைய வேறுபாடு தற்செயலாகவே எளிதில் நேரும். அதே விழுக்காடுகள் பிரிவுக்கு 200 பேரிடம் கிடைத்தால், தற்செயல் எனும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வாறே, முப்பது பேரில் ஒருவர்க்கும் பக்கவிளைவு இல்லை என்பது, பக்கவிளைவே இல்லை என்பதற்குச் சான்றாகாது. மூன்றை முப்பதால் வகுத்தால் கிடைப்பது பத்து விழுக்காடு. உண்மையான அளவு அதுவரை இருக்கலாம்.

கணக்குக்கு அப்பாலும் கேள்விகள் உண்டு. ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா? அளக்கப்பட்டது நோயாளிக்கு முக்கியமானதா? ஆய்வில் இருந்தவர் நம்மிடம் வருபவரைப் போன்றவரா? பயன் தராத ஆய்வுகள் வெளியிடப்படாமல் போயினவா? கடைசிக் கேள்விக்கு விடை காணவே 2007இல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு தொடங்கப்பட்டது. தொடங்கும் முன்னரே பதிவான ஆய்வை, முடிவு பிடிக்காததால் மறைப்பது எளிதன்று.

பொருளாதாரப் பார்வையில் இரு வகைத் தவறுகள் உள்ளன. பயனற்றதை ஏற்பது ஒன்று. அதனால் பணமும் நோயாளியின் காலமும் வீணாகும். பயனுள்ளதை மேலும் சான்று வேண்டும் எனத் தள்ளிப்போடுவது மற்றொன்று. அதன் செலவு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. உயிர்களால் அது செலுத்தப்படுகிறது. சென்னை ஆய்வைப் பெரிதாக்கும் வரை வீட்டுச் சிகிச்சை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு இவ்வகையினது.

அந்தத் தொழிலாளிக்கு இனி விடை கூறலாம். வைட்டமின் மாத்திரை அவரது நோயைத் தீர்க்கும் என உறுதியளிக்கச் சான்று போதாது. புகையிலையையும் பாக்கையும் கைவிடச் செய்வது, படலத்தைக் குறித்து வைத்து மீண்டும் மீண்டும் பார்ப்பது, ஐயம் எழுந்தவுடன் சதைப் பரிசோதனைக்கு உயர் மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகிய மூன்றிற்கும் வலுவான ஆதாரம் உண்டு. தேவைப்படுவன ஒரு விளக்கும், பயிற்சி பெற்ற கண்ணும், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பதிவேடும். நெய்யூரில் எழுந்த ஐயமும் திருவனந்தபுரத்து ஊராட்சிகளில் சேர்ந்த சான்றும் அதே மண்ணில் வாழும் மனிதருக்குப் போய்ச் சேரும்போதுதான் ஆராய்ச்சி முழுமை பெறுகிறது.