நடையும் கொலஸ்டிராலும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிறகு சர்க்கார் பைல்கள். ஆனாலும், இந்த விஷயத்தில் தப்புப் பண்ணியவன் என்ற யோக்யதை எனக்கு உண்டு.

சில வருஷங்களுக்கு முன் எனக்குக் கொலஸ்டிரால் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். தினமும் மியூசியம் வளாகத்தில் முக்கால் மணி நேரம் நடக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். எட்டாவது மாதம் நெஞ்சுவலி. ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். "இவ்வளவு நடந்து என்ன பிரயோஜனம்?" என்று என் சஹதர்மிணி கேட்டாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நடையால் டிரைகிளிசரைடு நன்றாகக் குறையும், நல்லதான எச்.டி.எல். கொஞ்சம் ஏறும். கெட்டதான எல்.டி.எல். சிறிதளவே இறங்கும். அதை ரத்தத்திலிருந்து அகற்றுவது பெரும்பாலும் கல்லீரல்; ஸ்டாடின் மாத்திரையும் அங்கேதான் வேலை செய்கிறது. அது வேறு டிபார்ட்மென்ட். கால் எழுதும் நோட் அங்கே அவ்வளவாகச் செல்லாது.

அப்படியானால் நடை எதற்கு? ரத்தம் வேகமாக ஓடும்போது தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடுகிறது; குழாய் தளர்ந்து விரிகிறது. காலேஜ் லாபில் செம்புத் துண்டுகளின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றித் தயாரித்தோமே, அதே வாயு! இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும்கூட நடையால் குறைகின்றன.

1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. கிழக்கே கோட்டையில் நாம் பார்த்த அதே மாதிரி வண்டிதான்.

'நாம் சைவம், நமக்கு வராது' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கேரளத்தில் சுமார் பாதிப் பேருக்குக் கொலஸ்டிரால் அதிகம். நெய்யும் தேங்காயெண்ணெயில் வறுத்த உப்பேரியும் சைவம்தானே!

பத்மநாப ஸ்வாமி கோவில் சீவேலிப்புரையில் பிரதக்ஷிணம் செய்கிறோமே, போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். புண்ணியத்துக்குப் போதும். உடம்புக்கு, நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிஷம். நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நான் இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறேன், நடக்கவும் செய்கிறேன். காலை ஆறு மணிக்கு மியூசியம் வாசலில் இருப்பேன், வருகிறவர்கள் வரலாம்.