விருந்தினர் போன பிறகு
(வானொலி மறையுரை: திருவருகைக்காலம், 3ஆம் ஞாயிறு)



1965 டிசம்பர் 4. அதுவும் திருவருகைக்காலம்தான். ஃபிராங்க் போர்மன், ஜிம் லவெல் என்ற இரு அமெரிக்கர்கள் ஜெமினி 7 விண்கலத்தில் பூமியைச் சுற்றப் புறப்பட்டார்கள். நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரம்வரை ஆகலாம். அத்தனை நாள் எடையற்ற நிலையை மனித உடல் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே அவர்களுடைய முக்கியமான வேலையே 14 நாள் உள்ளே இருப்பதுதான்!

இடமோ ஒரு சிறிய காரின் முன்னிருக்கை அளவு. எழுந்து நிற்க முடியாது, குளிக்க முடியாது. தின்றதற்கும் கழித்ததற்கும் மருத்துவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஓர் அறையில் இருவர் இரண்டு நாள் இருந்தாலே மின்விசிறியின் வேகத்துக்காகச் சண்டை வரும் வீடுகள் நமக்குத் தெரியும். டிசம்பர் 8 அன்று, நாங்கள் குருமடத்தில் வரிவரியாகப் படித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமையில் நிறைவுசெய்தபோதும் இவர்கள் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

டிசம்பர் 15 அன்று விருந்தினர் வந்தார்கள். ஷிராவும் ஸ்டாஃபோர்டும் ஜெமினி 6-இல் ஏறிச் சென்று, ஏறத்தாழ ஓர் அடி தூரம்வரை நெருங்கினார்கள். விண்வெளியில் இரண்டு கலங்கள் அவ்வளவு நெருங்கியது அதுவே முதல்முறை. சில மணி நேரம் சேர்ந்து பறந்துவிட்டு, விலகி, மறுநாளே பூமிக்குத் திரும்பிவிட்டார்கள்.

போர்மனுக்கும் லவெலுக்கும் இன்னும் நாள்கள் பாக்கி. சாதனை முடிந்துவிட்டது, மின்கலங்களில் கோளாறு தலைகாட்டுகிறது, சில உந்துபொறிகளும் ஒத்துழைக்கவில்லை. இருந்தும் இருந்தார்கள். 206 சுற்றுகள் சுற்றி, 18ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் இறங்கினார்கள்.

இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவானும் ஒரு குறுகிய இடத்தில்தான் இருக்கிறார். வரவிருப்பவர் நீர்தாமா என்று சிறையிலிருந்து கேட்டனுப்புகிறார். தம் சீடர்களின் தெளிவுக்காகவே அவர் கேட்டார் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது நிறைவு தரவில்லை. அவரே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆண்டவரிடமிருந்து செய்தி வந்தது, விடுதலை வரவில்லை. செய்தி கொண்டுவந்தவர்களும் போன பிறகு, அந்த இரவை யோவான் எப்படிக் கழித்தார்?

இந்த ஒலிபரப்பைப் படுக்கையில் இருந்தபடி கேட்பவர்கள் உண்டு. அறுவைசிகிச்சை முடிந்த வாரம் பழக்கூடையோடு வீடு நிறையக் கூட்டம்; மூன்றாம் மாதம் யாரும் இல்லை. அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரம் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். வீட்டில் நற்கருணை பெற விரும்புகிறார்களா என்று கேட்டு, கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்குமுன் உங்கள் பங்குத்தந்தையிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.