லொறி பிந்தும் என்று தெரிந்தே திட்டம் போடுவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

காணியும் தனி வீடும் நாங்கள் பல காலம் கேட்டுப் போராடிய விசயம். ஆனால் அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் நிற்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசு இல்லாமல் நின்றவை உண்டு. காசு இருந்தும் சாமான் நேரத்துக்கு வராமல் நின்றவையும் உண்டு. இந்த இரண்டாவதை நாங்களே பெரும்பாலும் தடுக்கலாம்.

எங்கள் அம்மாவின் வீட்டையே சொல்கிறேன். மே மாதம் மழை இறுகுமுன் தகரம் போட்டுவிடுவது என்று திட்டம். திங்கட்கிழமை வேலை, மணலும் அன்று காலைதான் என்று பேசினோம். சீமெந்து சனிக்கிழமையே வந்துவிட்டது. மணல் வரவில்லை. முதல் நாள் லொறி பழுது என்றார்கள். அடுத்த நாள் மழையில் ரோட்டில் ஏற முடியாமல் கீழேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சுமக்க அம்மாவும் தம்பியும் மூன்று நாள் பேர் இழந்தார்கள். மேசன் பாஸ் பார்த்துப் பார்த்து வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது மழை பிடித்துவிட்டது. லயத்து இஸ்தோப்பில் அடுக்கிய சீமெந்தில் ஆறு பை கட்டியாகிப் போனது. செப்டம்பர் முடியும்போதுதான் தகரம் ஏறியது. அந்த மழைக்காலம் முழுவதும் அம்மா ஒழுகும் காம்பராவில்தான்.

பிழை லொறிக்காரரில் மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு நேரமும் தூரமும் கணக்குப் படிப்பிக்கிற நான், எங்கள் வீட்டுக் கணக்கில் மழையையும் ரோட்டையும் சேர்க்கவில்லை.

இனி இப்படிச் செய்வோம். வேலை தொடங்கும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மணலும் கல்லும் கெட்டுப்போகாது. அவை ஒரு கிழமை முன்பே வரட்டும். மழை மாதமென்றால் இரண்டு கிழமை. தகரமும் கம்பியும் அப்படியே முன்கூட்டி வரலாம், நனையாமல் வைத்தால் போதும்.

சீமெந்து மட்டும் வேறு. அதை முந்தி எடுத்தால் ஈரம் குடிக்கும். மணலும் கல்லும் மேலே வந்து சேர்ந்த பிறகு, வேலைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது எடுங்கள். பலகை மேல், சுவரில் முட்டாமல், பத்துப் பைக்கு மேல் உயராமல் அடுக்கி மூடுங்கள்.

மணலைக் கண்ணால் கண்ட பிறகே மேசனுக்கு நாளை உறுதி செய்யுங்கள். போயா, தீபாவளி, பொங்கல் நாட்களைக் கலண்டரில் முதலே வெட்டிவிடுங்கள். லொறி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் போன் எடுத்துக் கேட்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்று கமிட்டி இன்றே தீர்மானிக்கட்டும்.

"முந்தி இறக்கினால் மணல் மழையில் ஓடிவிடுமே, களவும் போகுமே" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றிக் கல் அடுக்கி, படங்கு போட்டு மூடினால் ஓடாது. பத்துக் குடும்பமும் ஒரே இடத்தில் இறக்கி, முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் களவும் குறையும்.

நிர்வாகத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு. சாமான் வைக்கப் பாவிக்காமல் கிடக்கும் ஒரு ஸ்டோர் அறை. லொறி ஏறும் ரோட்டுக் குழிகளை மழைக்கு முன் நிரப்புவது. காசு கட்டம் கட்டமாக வரும் திட்டங்களில், மழையாலும் ரோட்டாலும் பிந்தும் நாட்களுக்குக் குடும்பத்தைக் குற்றம் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. இந்த மூன்றையும் சங்கம் எழுத்தில் கேட்கும். நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும்.

ஒரு கிழமை மிச்சம் வைப்பது சோம்பல் இல்லை, தோழர்களே. அந்த ஒரு கிழமை இல்லாமல் எங்கள் அம்மா ஒரு மழைக்காலத்தையே இழந்தார். உங்கள் வீட்டில் அது நடக்கவேண்டாம்.